இணைப்பு அற்ற இடம்

பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அதனால், மேற்கே கடல் நோக்கி ஓடிய நீர் மலைக்குடைவின் வழியாக வையையை வந்து சேர்ந்தது. அந்நீரின் ஒரு பகுதி பேரணையில் பிரிந்து, பெருங்கால்வாய் வழியே மதுரைக்கு வடகிழக்கில் விரிந்துள்ள மேலூர்ச் சமவெளியை அடைகின்றது. பெருங்கால்வாயிலிருந்து கிளைக்கால், அதிலிருந்து கண்மாய், கண்மாயின் மடை, மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலின் முடிவில் வயல் என அதன் செலவு அமைந்துள்ளது.

ஒருநாள் விடியலில் கடைமடை வயலுக்கு நீர் வரவில்லை எனக் கொள்வோம். "அணையில் நீர் இல்லை போலும்" என்று கூறிவிட்டு வீடு திரும்புபவன் உழவன் ஆகான். மண்வெட்டியைத் தோளில் சார்த்திக்கொண்டு, முதலில் தன் வயலின் வாய்மடையைப் பார்ப்பான். அது திறந்திருப்பின், வாய்க்காற் கரையில் மேல்நோக்கி நடப்பான். ஓரிடத்தில் தரை காய்ந்து கிடக்கும். சற்று அப்பால் நீர் தேங்கி நிற்கும். அவ்விரண்டு இடங்களுக்கும் நடுவில்தான் பழுது உள்ளது என்று அவன் தெளிவான். அது நண்டு வளையாக இருக்கலாம். சரிந்த கரையாக இருக்கலாம். மேல்வயற்காரர் இரவில் வைத்த அடைப்பாகவும் இருக்கலாம். எதுவாயினும், காரணத்தைப் பற்றி வாதிடுமுன் இடத்தை அவன் கண்டுகொண்டான்.

இந்த நடை, நீர் ஓடாத வேறொரு கால்வாய்க்கும் பயன்படுவதாயிற்று. அக்கால்வாயும் மதுரையைச் சார்ந்ததே.

மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையில் மூட்டுவாத நோயினால் விரல்கள் முறுக்குண்டவர் அவர்; அவ்விரல்களாலேயே அறுவைக் கருவிகளைப் பிடிக்கப் பழகி, எண்ணற்றவர்க்குப் பார்வை அளித்தார். மருத்துவமனை வளர்ந்தது, முன்னாளில் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த தேனியிலும் அதன் கிளை ஒன்று அமைந்தது. எனினும், மருத்துவமனை எத்துணைப் பெரியதாயினும் சிற்றூர்வாசி அதனை அடைவது எளிதன்று. ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். கண் தெரியாத முதியவராயின் துணைக்கு ஒருவர் வேண்டும். அறுவடைக் காலத்தில் உழவர் கண்ணில் நெல்லுமியோ சோகையோ கீறி, கருவிழியில் புண் உண்டாவது இப்பகுதியில் அரிதன்று. அப்புண்ணில் பூசணம் பற்றிக்கொண்டால், சில நாள் தாழ்த்தாலும் கண் போய்விடக் கூடும். "அடுத்த சந்தை நாளில் பார்த்துக் கொள்ளலாம்" என்னும் சொல்லுக்கு அங்கே விலை மிகுதி.

ஆகவே, சிறு ஊர்களில் பார்வை மையங்கள் நிறுவப்பட்டன. மையத்தில் மருத்துவர் இல்லை; பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார். அவர் நோயாளியின் கண்ணைக் கருவியால் சோதித்து, படம் எடுத்துக் கணிப்பொறி வழியே தேனி மருத்துவமனைக்கு அனுப்புவார். அங்குள்ள மருத்துவர் படத்தைக் கண்டு, திரையில் நோயாளியோடு நேரில் உரையாடி, மருந்து போதுமா, மருத்துவமனைக்கு வரவேண்டுமா என்று கூறுவார். அந்நாளில் அவ்வூர்களுக்கு விரைவான இணையக் கம்பி எட்டவில்லை. எனவே, அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில், மருத்துவமனையோடு கூடிப் புதியதொரு வழி கண்டனர். வீடுகளில் வழங்கும் மலிவான வைஃபைக் கருவிகளையே உயர்ந்த கம்பங்களில் ஏற்றி, ஒன்றையொன்று நேர்நோக்கும் ஆன்டெனாக்களைப் பூட்டி, வானலை வழியே இணைத்தனர். 2006ஆம் ஆண்டளவில் தேனியைச் சூழ்ந்த ஐந்து மையங்கள் இவ்வாறு இணைந்தன. பின்னர் அவ்வெண்ணிக்கை பெருகியது. இணைப்புகளுட் சில 15 கிலோமீட்டர் வரை நீண்டவை.

இனி, அவ்வழியில் செல்வது யாது என்பதை அறிய வேண்டும். கணிப்பொறிகள் இரண்டு பேசும்போது, ஒன்று வினவும். மற்றொன்று விடை வழங்கும். வினவுவது பெரும்பாலும் நம் எதிரே உள்ள உலாவி. மக்கள் வழக்கில் பிரவுசர். விடை தருவது எங்கோ ஓர் அறையில் ஓயாது இயங்கும் வழங்கி. மக்கள் வழக்கில் சர்வர். உலாவி நாம் எழுதிய பெயரை முதலில் எண்ணாக மாற்றிக்கொள்ளும். பெயரைக் கூறினால் எண்ணைக் கூறுதற்கென்றே தனி வழங்கிகள் உள்ளன. எண் கிடைத்ததும் அம்முகவரிக்கு ஒரு வணக்கம் செல்லும்; அங்கிருந்து மறுவணக்கம் வரும்; வந்ததை ஏற்றதாக இங்கிருந்து மற்றொரு சொல் செல்லும். இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே உண்மையான பேச்சு தொடங்கும். வழங்கியிலும் பல வாயில்கள் உண்டு. பூட்டிய முறையில் பேசும் வலைப்பக்கங்களுக்கு 443 என்னும் எண்ணுடைய வாயில் வழக்கமானது. இருவரும் உயிரோடிருந்தும் வாயில் மாறிப்போனால் பேச்சு நிகழாது.

தேனி இணைப்புகளில் முதலிற் கண்ட பழுது மிக நுட்பமானது. வைஃபைக் கருவி ஒரு செய்தியை அனுப்பியதும், "பெற்றேன்" என்னும் மறுமொழிக்காகச் சிறிது நேரம் காத்திருக்கும். ஒரு வீட்டின் அறைகளுக்கென வகுக்கப்பட்டமையால் அக்காத்திருப்பு மிகக் குறுகியது. வானலை ஒரு நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வதாயினும், 15 கிலோமீட்டர் சென்று மீள ஒரு நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். அதற்குள் அனுப்பிய கருவி பொறுமை இழந்துவிடும். செய்தி அப்புறம் பழுதின்றிச் சேர்ந்திருக்கும்; மறுமொழியும் புறப்பட்டு வந்துகொண்டிருக்கும்; அனுப்பியதோ, "போய்ச் சேரவில்லை" என்று கருதி அதனையே மீண்டும் அனுப்பும். இதனோடு, இருமுனையும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின் சொற்கள் மோதிச் சிதையும். ஆய்வாளர்கள் ஒவ்வொரு முனைக்கும் முறை வகுத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்குமாறு மாற்றி அமைத்தனர். இணைப்பின் வேகம் பன்மடங்கு உயர்ந்தது. காத்திருக்க வேண்டிய அளவு தெரியாமையால் கெட்ட காரியங்கள் மனிதரிடையேயும் உண்டு, அது நிற்க.

இரண்டாவது பழுது நுட்பமானதன்று. ஆனால் அதுவே பெரும்பழுதாக நின்றது. அது மின்சாரம். 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில், கிராமப்புறத்தில் வருவது யாதென ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்தனர். இமைப்பொழுதில் 1000 வோல்ட் வரை எழும் பாய்ச்சல்கள் தென்பட்டன. 350 வோல்ட்டுக்கு மேல் நீடித்த ஏற்றமும், 70 வோல்ட்டுக்குக் கீழே தாழ்ந்த இறக்கமும் தென்பட்டன. 2008ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இவ்வளவுகள் இடம்பெற்றுள்ளன. பாய்ச்சல் கருவியைச் சுடும் என்பது எவரும் அறிந்தது. தாழ்வு செய்யும் தீமையோ மறைவானது. மின்னழுத்தம் போதாதபோது ரூட்டர் அணைவதும் இல்லை, இயங்குவதும் இல்லை. விளக்கு எரியும், உள்ளே அறிவு மயங்கிக் கிடக்கும். காண்பவர், "விளக்கு எரிகின்றது, ஆகவே கருவி நலமாயுள்ளது" என்பர். திடீரென மின்சாரம் நின்றபோது, எழுதிக்கொண்டிருந்த நினைவட்டை பாதி எழுத்தோடு கெட்டுப்போவதும் உண்டு. அடுத்த முறை கருவி கண் விழிக்காது.

இப்பழுதுகளை எண்ணும்போது, அவற்றினும் ஒரு பெருந்தொல்லை இருந்தமை புலனாகும். அது பழுதன்று, பழுதைப் பற்றிய தவறான முடிவு. மையத்துப் பணியாளருக்குத் திரையில் தெரிவது ஒன்றுதான்: மருத்துவர் முகம் வரவில்லை. "வானலை அறுந்தது" என்று அவர் தொலைபேசியில் கூறுவார். கேட்டவர் கம்பத்தில் ஏறுவதற்கு ஆள் தேடுவார். அறுந்தது வானலையாகவும் இருக்கலாம். ரூட்டருக்கும் கணிப்பொறிக்கும் இடையே கிடந்த இரண்டு முழக் கம்பி கழன்றிருக்கலாம். பெருக்குபவர் துடைப்பம் பட்டுச் சுவரிலுள்ள மின்விசை அணைந்திருக்கலாம். மருத்துவமனை வழங்கியே உறங்கியிருக்கலாம். எல்லாவற்றிற்கும் திரையில் தெரியும் குறி ஒன்றே. காய்ச்சல் என்னும் ஒரு குறியை மட்டும் கொண்டு நோயின் பெயரைக் கூறுபவரை நாம் மருத்துவர் என்பதில்லை.

எனவே உழவனுடைய நடையே இங்கும் வேண்டியதாயிற்று. 1983ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதிய 'பிங்' என்னும் சிறு கட்டளை அதற்கு உதவும். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் கருவி எழுப்பும் ஒலியே அதற்குப் பெயராயிற்று. ஒரு முகவரியை நோக்கி, "இருக்கிறாயா?" என்று கூவும், "இருக்கிறேன்" என்னும் எதிரொலி எத்துணை நேரத்தில் வந்தது எனக் கூறும். முதலில் கணிப்பொறி தன்னையே கூவிப் பார்க்கும். அதற்கென வகுத்த முகவரி 127.0.0.1 என்பது. பின்னர்த் தன் அறையிலுள்ள ரூட்டர், அடுத்து எதிர்க்கம்பத்து ரூட்டர், அதன்பின் மருத்துவமனை வாயில், இறுதியில் வழங்கி. எந்த இடம் வரை எதிரொலி வருகின்றதோ அதுவரை நீர் நிற்கின்றது. எங்கே ஒலி அடங்குகின்றதோ அங்கே தரை காய்ந்துள்ளது.

ஒரு கணிப்பொறியின் அமைப்பே தவறானால், அடுத்த வீட்டுக்குச் செல்லும் வழியும் மறந்துபோகும். தேனியில் இதற்கும் வழி செய்தனர். ஒவ்வொரு ரூட்டருக்கும், பிற அமைப்புகள் கெட்டாலும் மாறாத ஓர் அண்டை முகவரியைக் கொடுத்தனர். ஒன்றிலிருந்து அடுத்ததற்கும், அடுத்ததிலிருந்து அதற்கு அடுத்ததற்குமாகத் தாவித் தாவிப் பழுதான இடம்வரை அதனால் செல்ல முடிந்தது. அன்றியும், ரூட்டர்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை தம் நலத்தைத் தாமே எழுதி வெளிநாட்டு வழங்கிக்கு அனுப்பின. மின்கல அழுத்தம் அளவிற்குக் கீழ் தாழ்ந்தால் ஓட்டத்தை முற்றிலும் துண்டித்து, நிறைந்தபின் மீள இணைக்கும் சிறிய சுற்றும் பொருத்தப்பட்டது. மயங்கிக் கிடப்பதினும் அணைந்து எழுவதே நன்று என்பது அதன் கருத்து.

எதிரொலி வந்தமையால் யாவும் நலம் என்று முடிவு கட்டலாகாது. வீட்டுக்காரர் விழித்திருந்தும் கடை திறவாதிருக்கலாம். வழங்கி உயிரோடிருக்கும்; அதிலுள்ள செயலி மட்டும் நின்றிருக்கும். மறுதலையாக, காவற்சுவர் சில வழங்கிகளில் இக்கூவலை மட்டும் தடுத்திருக்கும். கடை நன்றாக நடக்கும். ஆகவே, பிங் கட்டளையின் சொல்லைச் சான்றுகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டுமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

இங்கே மாணாக்கர் கருதிப் பார்க்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. கதவைத் தட்டுகின்றோம். உடனே ஒருவர் வந்து, "இங்கே அப்படி யாரும் இல்லை" என்கிறார். வேறொரு கதவைத் தட்டுகின்றோம். நாழிகை கழிந்தும் ஓசையே இல்லை. இரண்டிலும் காரியம் நடக்கவில்லை. எனினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது மறுப்பு, பின்னது மௌனம். உலாவி, "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று நொடியில் கூறினால், வழி பெரும்பாலும் திறந்துள்ளது. முகவரியில் இயந்திரம் உள்ளது. அவ்வாயிலில் கேட்பார்தாம் இல்லை. செயலி நின்றுபோயிற்றா, வாயில் எண் மாறிற்றா என்று பார்க்க வேண்டும். நெடுநேரம் காத்து, "காலம் கடந்தது" என்று கூறினால், செய்தி வழியில் எங்கோ விழுந்தது; அல்லது காவற்சுவர் அதனை வாய்திறவாமல் விழுங்கிற்று; அல்லது வழங்கி சுமை தாளாது திணறுகின்றது. மறுப்பைக் கேட்டவர் கம்பத்தில் ஏறுவதும், மௌனத்தைக் கேட்டவர் செயலியைக் குறைகூறுவதும் வீண் உழைப்பாகவே முடியும்.

மூன்றாவது வகையும் உண்டு. கதவு திறக்கின்றது, உள்ளிருந்து ஒருவர் ஓர் எண்ணைக் கூறி அனுப்புகின்றார். இன்றைய வழங்கிகள் தனியாள் அல்ல. வாயிலில் ஒருவர் நிற்பார். அவர் பின்னே கணக்குப் பார்க்கும் செயலி வழங்கி. அதன் பின்னே ஏடுகளைக் காக்கும் தரவுத்தளம். 404 என்றால் கேட்ட ஏடு அங்கில்லை. 500 என்றால் உள்ளே வேலை செய்தவர் இடறி விழுந்தார். 502 என்றால் வாயிற்காவலர் நலமே, உள்ளிருப்பவரிடமிருந்து அவருக்கு முறையான விடை வரவில்லை. 503 என்றால் இப்போது ஏற்க இயலாது. 504 என்றால் காவலர் உள்ளே கேட்டுக் காத்துக் காத்துச் சலித்தார். இவ்வெண்களில் எது வந்தாலும், வினவியவர் வீட்டுக் கம்பியையும் கம்பத்தையும் தொட வேண்டுவதில்லை. ஏதோ ஒரு வழங்கி விடை தரும் தொலைவு வரை வழி நன்றாயுள்ளது என்பதற்கு அவ்வெண்ணே சான்று. அரசுத் தேர்வு முடிவு வெளியாகும் காலை வேளையில் 503 என்னும் எண்ணைக் கண்டு, பக்கத்தை மீண்டும் மீண்டும் அழுத்துகின்ற மாணவர் பலர். ஒவ்வோர் அழுத்தமும் வாயிலில் நிற்கும் கூட்டத்தில் மேலும் ஒருவரைச் சேர்க்கின்றது.

சில பழுதுகள் எவரும் எதிர்பாராத மூலையில் ஒளிந்திருக்கும். கணிப்பொறியின் உள்ளே காசு போன்ற சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டு பின்னே சென்றுவிடும். பூட்டிய முறையில் பேசும் வழங்கி தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அதில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என எழுதியிருக்கும். பழைய ஆண்டில் நிற்கும் கணிப்பொறி, "இச்சான்று இன்னும் பிறக்கவே இல்லை" என்று கருதிப் பேச மறுக்கும். வழியும் நன்று, வழங்கியும் நன்று, வாயிலும் நன்று. கெட்டது நாள்காட்டி. அதே மேசையில் ஒரு கைப்பேசியில் அப்பக்கத்தைத் திறந்து பார்த்தவருக்கு இது விரைவில் விளங்கும். ஒன்றில் திறந்து மற்றொன்றில் திறவாதெனின், வேறுபாடு எதுவோ அதிலேயே பழுது இருக்கக் கூடும்.

வெண்பாவில் ஓசை கெட்டதென்றால், தமிழாசிரியர் பாட்டு முழுவதையும் அழிக்கச் சொல்வதில்லை. அசை பிரித்து, சீர் பார்த்து, அடுத்துத் தளை பார்ப்பார். தளை தட்டிய இடம் கிடைத்ததும் அங்கே ஒரு சொல்லை மட்டும் மாற்றுவார். இரண்டு சொற்களை ஒருங்கே மாற்றிய மாணவனுக்கு ஓசை திருந்திற்றேனும், எதனால் திருந்திற்று என்பது தெரியாது. இணைப்பைத் திருத்துபவரும் ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். ரூட்டரை அணைத்து, கம்பியை மாற்றி, உலாவியைப் புதுக்கி, மூன்றையும் ஒரே மூச்சில் செய்தவர்க்கு அன்று காரியம் நடக்கும். அடுத்த திங்களில் அதே பழுது வரும்போது மீண்டும் மூன்றும் செய்வார். அன்றியும், அணைத்து ஏற்றுவது சான்றை அழிப்பதுமாகும். மயங்கிய கருவி என்ன நிலையில் மயங்கிற்று என்பது அதனோடு மறைந்துவிடும். அணைக்குமுன் எந்த விளக்கு எரிந்தது, எந்தச் சொல் திரையில் வந்தது, மணி யாது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுதற்கு அரை நிமிடமே ஆகும்.

அத்தகைய குறிப்பு தொலைவில் உள்ளவருக்குக் கண்ணாக உதவும். "வேலை செய்யவில்லை" என்னும் செய்தியால் கேட்பவர் ஒன்றும் அறியார். "காலை 10 மணி 20 நிமிடம் முதல்; ரூட்டர் வரை எதிரொலி வருகின்றது; எதிர்க்கம்பம் மௌனம்; நேற்றிரவு மழையும் காற்றும்" என்று ஒருவர் கூறினால், கேட்பவர் வீட்டிலிருந்தபடியே காற்றில் திரும்பிய ஆன்டெனாவை ஐயுறுவார். வேண்டிய கருவியோடு ஒரே பயணத்தில் வந்து சேர்வார். தேனியைச் சூழ்ந்த ஊர்களில் ஒரு பயணம் என்பது பாதிநாள். அந்தப் பாதிநாளில் மையத்தின் வாயிலில் காத்திருப்போர் உண்டு.

தொடக்கத்தில், பழுது நேர்ந்தபோதெல்லாம் பெர்க்கிலியிலிருந்தோர் கடல் கடந்து இணைப்பினுள் நுழைந்து பார்க்க வேண்டியிருந்தது. சில வேளை நேரிலும் வர வேண்டியிருந்தது. நாளடைவில் மருத்துவமனைப் பணியாளர்களே அப்பொறுப்பை ஏற்றனர். கருவியைப் படைத்த பொறியியலை அவர்கள் முழுதும் கற்றவர் அல்லர். எந்த இடம் வரை வழி நன்றாயுள்ளது என்று நடந்து பார்க்கக் கற்றவர். பின்னர்ப் புதிய மையங்களுக்கு ஆன்டெனாக்களை ஏற்றி நேர்நிறுத்தி இணைத்தவர்களும் அவர்களே ஆவர்.